ஏரியிலும் குவாரியிலும் கரையிலிருந்து இறங்க எந்தச் சிலிண்டர் வாங்கலாம்?

கேட்டது இதுதான்: ஸ்கூபா பயிற்சி முடித்து முப்பது டைவ் ஆகிவிட்டது, இதுவரை வாடகைக்கு எடுத்தது எல்லாம் அலுமினியம் 80 (ஏறக்குறைய 80 கன அடி காற்று பிடிக்கும் அலுமினியச் சிலிண்டர்). இனிமேல் பக்கத்து ஏரியிலும் தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரியிலும் கரையிலிருந்தே இறங்கப் போகிறீர்கள், 7 மில்லிமீட்டர் வெட்சூட் (ரப்பர் நுரையில் செய்த, உள்ளே தண்ணீர் புகும் உடை), ஆழம் பெரும்பாலும் 10 முதல் 18 மீட்டர். சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்றதும் கூட டைவ் செய்பவர்கள் "வாங்குவதே வாங்குகிறாய், 15 லிட்டர் ஸ்டீல் வாங்கிவிடு" என்கிறார்கள். அது சரியா?

உங்கள் நிலைமைக்கு அது சரியில்லை என்பது என் கருத்து. நீங்கள் சொன்ன சூட்டுக்கும் ஆழத்துக்கும் 12 லிட்டர் 232 பார் ஸ்டீல் (லிட்டர் என்பது உள்கொள்ளளவு, பார் என்பது நிரப்பும் அழுத்தத்தின் அளவு), ஆள் சின்ன உருவம் என்றாலோ காற்று குறைவாகச் செலவாகும் என்றாலோ 10 லிட்டர் 232 பார் ஸ்டீல். அமெரிக்க அளவு புழங்கும் இடம் என்றால் எச்பி 100 (எச்பி என்றால் உயர் அழுத்தம், எண் கன அடி), சின்னதுக்கு எச்பி 80. பதில் அவ்வளவுதான், ஆனால் காரணம் தெரியாமல் வாங்கினால் நாளைக்கு சூட் மாறும்போது மறுபடி குழம்புவீர்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் பார்ப்பது எவ்வளவு காற்று பிடிக்கும் என்பதைத்தான். நான் முதலில் பார்ப்பது, டைவ் முடியும் நேரத்தில் அந்தச் சிலிண்டர் தண்ணீரில் மிதக்குமா, மூழ்குமா என்பது. காற்றுக்கும் எடை உண்டு; ஆயிரம் லிட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. அலுமினியம் 80 என்பதன் உள்கொள்ளளவு 11.1 லிட்டர், 207 பாருக்கு நிரப்பினால் அதில் இருக்கும் காற்று மட்டும் இரண்டரை கிலோவுக்கு மேல். நீங்கள் சுவாசிக்கச் சுவாசிக்க அந்த எடை போய்க்கொண்டே இருக்கிறது. அதனால் கடலில் நிறைந்த நிலையில் அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே மூழ்கும் தன்மையோடு தொடங்குகிற அலுமினியம் 80, காலியாகும்போது ஏறக்குறைய 2 கிலோ மேலே இழுக்கும். நன்னீரில் இந்த இழுப்பு கொஞ்சம் குறைந்து ஒன்றரை கிலோ பக்கம் நிற்கும், ஆனாலும் இழுக்கத்தான் செய்யும். நீங்கள் களைத்து, கரைக்குத் திரும்பி, 4 மீட்டர் ஆழத்தில் நிதானமாக நிற்க வேண்டிய நேரத்தில்தான் முதுகில் ஒரு மிதவை கட்டியது போல ஆகும். அதைச் சமாளிக்க இடுப்பில் கூடுதலாக இரண்டு கிலோ ஈயத்தை முதல் நிமிடத்திலிருந்தே சுமக்கிறீர்கள்.

ஸ்டீலுக்கும் இதே கணக்குதான், காற்றின் எடை அதிலும் போகும். ஆனால் 12 லிட்டர் 232 பார் ஸ்டீல், காலியான பிறகும் வால்வோடு சேர்த்து ஏறக்குறைய ஒரு கிலோ மூழ்கும் தன்மையோடு இருக்கும் (தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் கொஞ்சம் மாறும், வாங்கும் மாடலின் அட்டவணையைப் பாருங்கள்). இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 முதல் 3 கிலோ ஈயம். பெல்ட்டிலிருந்து அவ்வளவையும் கழற்றிவிடலாம்.

படகிலிருந்து இறங்குபவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. கரையிலிருந்து இறங்குபவர்களுக்கு இதுதான் எல்லாமே. அலுமினியம் 80 வெறும் உடம்பு மட்டும் 14.3 கிலோ பக்கம், நிறைந்தால் 17 கிலோ, வால்வு தனி, அதோடு அந்த இரண்டு மூன்று கிலோ ஈயம். 12 லிட்டர் ஸ்டீலின் உடம்பும் ஏறக்குறைய அதே 14 கிலோதான், காற்று கொஞ்சம் கூட, ஆனால் அந்த ஈயம் இல்லை. அதாவது அதிகக் காற்றோடு, குறைந்த மொத்தச் சுமையோடு, பாசி பிடித்த கல்லில் கால் வைத்து இறங்குகிறீர்கள். குவாரிகளில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் வரை நூறு மீட்டர் சரளைச் சரிவு இருப்பது சாதாரணம். இறங்கும்போது யாரும் கவலைப்படுவதில்லை. 45 நிமிடம் குளிர்ந்த தண்ணீரில் இருந்துவிட்டு, முழங்கால் விறைத்து, ஈரம் சொட்டச் சொட்ட அதே சரிவில் ஏறும்போதுதான் ஒவ்வொரு கிலோவும் பேசும்.

சரி, அப்படியானால் 15 லிட்டர் இன்னும் நல்லதுதானே என்றால், அங்கேதான் தப்பு நடக்கிறது. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நன்னீரில் 10 மீட்டரில் அழுத்தம் ஏறக்குறைய 2 பார். நிமிடத்துக்கு மேற்பரப்பில் 20 லிட்டர் சுவாசிப்பவர் என்றால் அங்கே 40 லிட்டர் செலவு. 50 பாரைத் தொடாமல் மிச்சம் வைத்துவிட்டுப் பார்த்தால் அலுமினியம் 80 ஏறக்குறைய 43 நிமிடம் தரும், 10 லிட்டர் ஸ்டீல் 45, 12 லிட்டர் 54, 15 லிட்டர் 68. இப்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: 7 மில்லிமீட்டர் சூட்டில், மேலே வெதுவெதுப்பாக இருந்து ஆறேழு மீட்டருக்குக் கீழே திடீரென்று குளிர் அடுக்கு தொடங்கும் ஏரியில், 68 நிமிடம் இருப்பீர்களா? நான் பார்த்தவரை வெட்சூட்காரர்கள் காற்று தீர்ந்து ஏறுவது குறைவு, குளிர் தாங்காமல் ஏறுவதுதான் அதிகம். பயன்படுத்தாத 15 நிமிடக் காற்றை ஒவ்வொரு முறையும் மலையேற்றுவதில் என்ன இருக்கிறது?

எடை ஒரு பக்கம். 15 லிட்டரில் காற்று மட்டுமே 4 கிலோ. முடிவில் சரியாக நிற்கும்படி ஈயத்தை அமைத்தால், தொடக்கத்தில் அந்த 4 கிலோ அதிகமாக இருக்கும், அதை பிசிடியில் (மிதப்பைச் சரிசெய்யும் காற்றுப் பை வைத்த மேலங்கி) காற்றடித்துத் தாங்க வேண்டும். அப்புறம் சூட்டின் விஷயம் இருக்கிறது: சூட்டின் ரப்பர் நுரையான நியோப்ரீனுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள் ஆழத்தில் நசுங்கும், 10 மீட்டரிலேயே சூட் தன் மிதப்பில் கிட்டத்தட்டப் பாதியை இழந்துவிடும். ஆக மொத்தம், டைவின் முதல் ஐந்து நிமிடத்தில் அடியை நோக்கி இறங்கும்போது நீங்கள் ஒரு கல். பிசிடியின் குழாய் அந்த நேரத்தில் கழன்றுகொண்டால் துடுப்பை மட்டும் அடித்து மேலே வர முடியுமா? வர முடியாது என்றால் அந்தச் சிலிண்டர், அந்தச் சூட், அந்த ஈயம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள். ஸ்டீல் சிலிண்டரின் எடையை ஆபத்தில் கழற்றி எறிய முடியாது, பெல்ட்டில் இருக்கும் ஈயத்தை மட்டும்தான் முடியும். இதை மறந்துவிட்டு "ஈயமே வேண்டாம், எல்லாம் சிலிண்டரே பார்த்துக்கொள்ளும்" என்று மெல்லிய 3 மில்லிமீட்டர் சூட்டோடு பெரிய ஸ்டீலை மாட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே பதைக்கும். மெல்லிய சூட், வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் அலுமினியம் 80 நல்ல தேர்வு, அதில் எந்தத் தாழ்வும் இல்லை, அல்லது இலகுவான 10 லிட்டர் ஸ்டீல். டிரைசூட் (உள்ளே தண்ணீர் புகாத உடை) போடுபவருக்கு 12 அல்லது 15 லிட்டர் ஸ்டீல் பொருத்தம், ஏனென்றால் அவர் எப்படியும் நிறைய ஈயம் கட்ட வேண்டியவர், ஒரு மணி நேரம் குளிரைத் தாங்கவும் செய்வார், பிசிடி கைவிட்டால் சூட்டிலேயே காற்றை ஏற்றிக்கொள்ளலாம்.

நன்னீர் என்பதால் ஈயக் கணக்கு மாறும், இதைப் பலர் சரியாகக் கவனிப்பதில்லை. கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய இரண்டரை சதவீதம் அடர்த்தி அதிகம். ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால் கடலில் கட்டியதைவிட ஏறக்குறைய இரண்டரை கிலோ குறைக்க வேண்டும். அதன் மேல் அலுமினியத்திலிருந்து ஸ்டீலுக்கும் மாறுகிறீர்கள் என்றால் இன்னும் ஒரு இரண்டு கிலோவுக்கு மேல். நான் முதன்முதலில் 12 லிட்டர் ஸ்டீலோடு ஏரியில் இறங்கியபோது கடலில் கட்டிய அதே பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போனேன். 9 மீட்டரில் அடிச்சேற்றில் முழங்கால் புதைந்தது, கிளம்பிய சேறு சுற்றிலும் பால் தெளித்தது போல எழும்பி, நீட்டிய என் கைவிரல்கள் எனக்கே தெரியவில்லை. பிசிடியில் காற்றை ஏற்றி ஏற்றி எழும்ப வேண்டியதாயிற்று. அன்று ஐந்து கிலோ அதிகமாகச் சுமந்திருக்கிறேன் என்பது கரைக்கு வந்து கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. புதுச் சிலிண்டர் வாங்கியதும் முதல் டைவை இதற்கென்றே ஒதுக்குங்கள்: 50 பாரோ அதற்குக் கீழோ இருக்கும்போது, 4 மீட்டரில், பிசிடியைக் காலி செய்துவிட்டு, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு கிலோவாகக் குறைத்து அந்தப் புள்ளியைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நீளமும் பருமனும். 12 லிட்டர் ஸ்டீல் இரண்டு உருவத்தில் வரும். ஒன்று 171 மில்லிமீட்டர் விட்டத்தில் நெட்டையாக, இன்னொன்று 203 மில்லிமீட்டரில் குட்டையும் பருமனுமாக. உயரமானவர்களுக்கு நெட்டை நன்றாக உட்காரும், உடலை ஒட்டியிருக்கும், கால் பக்கமும் கொஞ்சம் எடை கிடைக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு அதே நெட்டை சங்கடம்தான்: வால்வு பின்மண்டையில் முட்டாமல் இருக்கக் கீழே இறக்கிக் கட்டினால் அடிப்பகுதி பின்தொடையில் இடிக்கும், கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து துடுப்பு மாட்டலாம் என்றால் சிலிண்டர் முதலில் கல்லைத் தொடும். இதை அட்டவணை பார்த்து முடிவு செய்ய முடியாது. வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது கேட்டு வாங்கி, பிசிடியோடு மாட்டி, குனிந்து, உட்கார்ந்து, நாலு படி ஏறி இறங்கிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், அந்த ஐந்து நிமிடம் பல வருடத்துக்கு உதவும்.

300 பார் சிலிண்டர் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். காகிதத்தில் 12 லிட்டர் × 300 பார் என்றால் 3600 லிட்டர். ஆனால் அந்த அழுத்தத்தில் காற்று எளிய பெருக்கல் கணக்குக்கு அடங்காது, அமுக்க அமுக்க எதிர்க்கும், உண்மையில் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டரும் கனம். அதோடு 300 பாருக்கு நிரப்பித் தரும் கம்ப்ரசர் எல்லா இடத்திலும் இல்லை, 200 பாருக்குத்தான் நிரப்பிக் கொடுப்பார்கள் என்றால் தடித்த சுவரைச் சும்மா சுமக்கிறீர்கள். எச்பி 100க்கும் இதே எச்சரிக்கை உண்டு. அது 100 கன அடி பிடிப்பது 3442 பிஎஸ்ஐயில் (ஏறக்குறைய 237 பார்). உங்களுக்கு நிரப்பித் தருபவர் 3000த்தில் நிறுத்திவிடுவார் என்றால் கையில் இருப்பது 88 கன அடிதான். ஆகவே சிலிண்டர் தேடுவதற்கு முன்னால், எங்கே நிரப்பப் போகிறீர்களோ அவரிடம் போய் "ஆறின பிறகு எத்தனை பார் நிற்கும்?" என்று கேளுங்கள். ஆறின பிறகு என்பது முக்கியம். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சுடும், கையில் வாங்கும்போது 230 காட்டும் மீட்டர் ஏரிக்குப் போய்ச் சேர்வதற்குள் 210க்கு வந்திருக்கும்.

வால்வு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ரெகுலேட்டர் (காற்றை அழுத்தம் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) திருகி ஏறும் டின் வால்வையே வாங்குங்கள், அதிலும் 232 பாருக்கான, நடுவில் கழற்றக்கூடிய செருகு வைத்த வகை. செருகு இருந்தால் யோக் ரெகுலேட்டரும் (வால்வைச் சுற்றிக் கவ்வும் வகை) மாட்டலாம், கழற்றினால் டின். யோக்கில் ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வெளியே வால்வின் முகத்தில் உட்கார்ந்திருக்கிறது, கரையில் ஒரு மரக்கிளையில் இடித்தாலே விலகி ஊதிவிடலாம். டின்னில் அது உள்ளே அடைபட்டிருக்கிறது. குளிர்ந்த ஏரிக்கு இன்னொன்றும் உண்டு. 10 டிகிரிக்குக் கீழே தண்ணீர் போனால் ரெகுலேட்டர் உள்ளே உறைந்து, நிற்காமல் ஊத ஆரம்பிக்கும் ஆபத்து இருக்கிறது. அது தொடங்கினால் நிறைந்த சிலிண்டர்கூடச் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அதனால் குளிரில் டைவ் செய்பவர்கள் ஒரே சிலிண்டரில் இரண்டு வாய் உள்ள வால்வு போட்டு, தனித்தனியாக இரண்டு முதல்நிலை ரெகுலேட்டர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒன்று உறைந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் மூடிவிட்டு இன்னொன்றில் சுவாசிக்கலாம். உங்கள் ஏரி அந்த அளவுக்குக் குளிரும் என்றால் பெரிய சிலிண்டருக்குப் போடும் காசை இந்த வால்வில் போடுங்கள். கலங்கல் தண்ணீரில் துணையாள் கண்ணுக்குத் தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும் இடம் என்றால் பக்கவாட்டில் ஒரு 3 லிட்டர் சின்னச் சிலிண்டர், தனி ரெகுலேட்டரோடு. 15 லிட்டர் தருவதாக எல்லாரும் நினைக்கும் பாதுகாப்பை உண்மையில் தருவது அதுதான், ஏனென்றால் ஒரே ரெகுலேட்டர் பழுதானால் பின்னால் எத்தனை லிட்டர் இருந்தாலும் பயன் இல்லை.

பழையது வாங்கலாமா என்றால், தாராளமாக. நன்றாக வைத்திருந்த ஸ்டீல் சிலிண்டர் பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் தோளில் பொறித்திருப்பதைப் படிக்காமல் காசை நீட்டாதீர்கள். ஹைட்ரோ டெஸ்ட் தேதி (தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பது, பல நாடுகளில் 5 ஆண்டுக்கு ஒரு முறை), வேலை அழுத்தம் எத்தனை, இரண்டும் அங்கேயே இருக்கும்; உள்ளே விளக்குப் போட்டுப் பார்த்தது எப்போது என்பதையும் கேளுங்கள். 1990க்கு முன்னால் செய்த அலுமினியம் சிலிண்டர் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காலத்தில் பலவற்றை 6351 என்ற உலோகக் கலவையில் செய்தார்கள், அதில் கழுத்துப் பகுதியில் காலப்போக்கில் விரிசல் விடும் குறை உண்டு, வெடித்தும் இருக்கின்றன. பின்னால் வந்தவை 6061 கலவை. அப்புறம், கழுத்து மரையும் வால்வு மரையும் ஒரே வகைதானா என்பதை ஆள் வைத்துச் சரிபாருங்கள். எம்25×2 மரைக்கும் முக்கால் அங்குல மரைக்கும் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, தப்பாக மாட்டினாலும் சில சுற்று ஏறும், அழுத்தம் ஏறும்போது வால்வு குண்டு போலப் பறக்கும். வெளியூரிலிருந்து வந்த சிலிண்டரில் இதை நான் ஒருபோதும் சும்மா விடுவதில்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவரிடம் 10 லிட்டர் ஸ்டீல் ஒன்று விலைக்கு வந்தது. மேலே பெயின்ட் பளபளவென்று இருந்தது. அடியில் மாட்டியிருந்த ரப்பர் உறையை (இதை பூட் என்பார்கள்) கழற்றச் சொன்னேன். வரவே இல்லை, சுடுதண்ணீர் ஊற்றி, மரக்கட்டையால் தட்டித் தட்டி இறக்கினோம். உள்ளே ஒரு கைப்பிடி சேறு, அது இன்னும் ஈரமாக இருந்தது. பூட்டின் விளிம்பு தொட்ட இடத்தில் வட்டமாக ஒரு துருக்கோடு, பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பி, நகத்தால் நெம்பினால் கீழே சின்னச் சின்னக் குழி. ஏரித் தண்ணீர்தானே, உப்பு இல்லையே என்று அவர் பூட்டைக் கழற்றியதே இல்லை. கழுவி, காயவைத்து, ஒரு சோதனை மையத்தில் கொடுத்தோம், குழியின் ஆழம் அதிகம் என்று நிராகரித்துவிட்டார்கள். நன்னீர் மெதுவாகத்தான் தின்னும், ஆனால் தேங்கி நின்றால் தின்னும். வாங்குவதானால் பெயின்டுக்குக் கீழே சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்டீலாகப் பாருங்கள், பூட்டுக்குத் தண்ணீர் வடியும் துளை இருக்கட்டும், சிலிண்டரைச் சுற்றி வலை போட்டிருந்தால் அதையும் அவ்வப்போது கழற்றுங்கள்.

பூட்டைக் கழற்றிக் காயவைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓர் ஏரியின் பாசியும் சிப்பிக் குஞ்சுகளும் பூட்டுக்குள் தேங்கிய அந்தக் கொஞ்சம் தண்ணீரில் உயிரோடு அடுத்த ஏரிக்குப் பயணப்படும். வரிக்குதிரைச் சிப்பி போன்றவை இப்படித்தான் புது நீர்நிலைகளுக்குப் பரவி, ஒருமுறை பிடித்துவிட்டால் அங்கிருந்து அகற்றவே முடியாமல் போகிறது. இந்த வாரம் ஏரி, அடுத்த வாரம் குவாரி என்று இருந்தால் இடையில் எல்லாம் கழுவி முழுக்கக் காயட்டும்.

காற்றைச் சொட்டு விடாமல் தீர்த்துவிட்டு வராதீர்கள், 20, 30 பாராவது உள்ளே இருக்கட்டும். முழுக்கக் காலியான சிலிண்டருக்குள் வால்வு வழியாக ஈரம் போகும், ஸ்டீலுக்கு உள்துருதான் பெரிய எதிரி. வண்டியில் படுக்கவைத்து, உருளாமல் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். கரையில் தனியாக நிறுத்திவிட்டுத் திரும்பாதீர்கள், சரளையில் நிற்கும் 17 கிலோ எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது, விழுந்தால் முதலில் அடிபடுவது வால்வுதான்.

இன்னும் ஒரே ஒரு குழப்பம் மிச்சம் இருக்கும்: 10-ஆ 12-ஆ. உங்கள் கடைசி ஐந்து டைவில் தொடக்க அழுத்தம், முடிவு அழுத்தம், சராசரி ஆழம், நேரம் நான்கும் டைவ் கம்ப்யூட்டரிலோ டைவ் குறிப்பேட்டிலோ இருக்கும். அவற்றை வைத்து மேற்பரப்பு அளவில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் சுவாசிக்கிறீர்கள் என்று கணக்குப் போடுங்கள். 15 லிட்டர் பக்கம் வந்தால் 10 லிட்டர் சிலிண்டரே 10 மீட்டரில் ஒரு மணி நேரம் தரும், அதையே வாங்குங்கள், முதுகு நன்றி சொல்லும். 20ஐத் தாண்டினால் 12. உயரத்தையும் அந்தக் கணக்கையும் எழுதினால் நெட்டையா குட்டையா என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.